எழுபத்தேழாம் நம்பர்

பதில் வரக்கூடாத நம்பரிலிருந்து பதில் வந்திருந்தது.

மதியம் மூன்று மணி இருக்கும். காய்ச்சலில் படுத்திருக்கும் மகளுக்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று எல்லா ஜன்னல் திரையையும் இழுத்து மூடிவிட்டு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்திருந்தாள் அம்மாக்காரி. உள்ளறையில் குழந்தை மூச்சு விடுகிற சத்தம், அடுக்களையில் ஃப்ரிட்ஜின் முனகல், காய்ச்சல் மருந்தின் போலி ஆரஞ்சு வாசனை. வேறொன்றும் இல்லை.

வேலை ஒன்றும் மாயமந்திரமில்லை. ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு பொய்க் கம்ப்யூட்டர். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு சுவிட்ச், அதுவும் பொய்தான், வெறும் மென்பொருள். அதில் மெஷினுக்கு ஒன்றாக இரண்டே வாசல், போர்ட் என்பது அதைத்தான். ஒன்றிலிருந்து மற்றதை "இருக்கியா?" என்று கேட்டால் "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். பிங் அடிப்பது என்றால் அவ்வளவுதான். இன்று வெளியுலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதபடி சுவிட்சை அடைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். ஐந்து மணிக்குள் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டால் குட்டியை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகலாம்.

கடைசியாக, யாருக்கும் கொடுக்காத ஒரு நம்பரையும் கூப்பிட்டுப் பார்ப்பாள். புருஷன் பழக்கிவிட்டது. அவருக்கும் இதே தொழில். "இருக்கறவன் பதில் சொன்னா பாதி டெஸ்ட்தான் முடிஞ்சுது. இல்லாதவன் பேசாம இருக்கணும், அதுதான் மீதி" என்பார். அவர் கூப்பிடுவது எப்போதும் எழுபத்தேழு. அவர் தவறிப்போய் நான்கு மாதமாகிவிட்டது. நம்பரை அவள் மாற்றவில்லை.

அந்த எழுபத்தேழுதான் இன்று பதில் சொன்னது. ஒன்பது விநாடி கழித்து.

இந்த நான்கு மாதத்தில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. நாத்தனார் வாய்விட்டே சொன்னாள், கல்லு என்று. வராத அழுகையை வா என்றால் வர அது என்ன ஆட்டோவா? பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற நேரத்தில் மட்டும்தான், தான் உயிரோடிருப்பது அவளுக்கு ஞாபகம் வரும். அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஆறு வயசு ஜீவன் ஒன்றுதான்.

ஆகவே பயப்படவில்லை. முறைப்படி சோதித்தாள். யாருக்கு எந்த நம்பர் என்ற பட்டியலைப் பார்த்தாள், அமைப்புகளைப் பார்த்தாள், பிறகு டீம் லீடருக்குப் போன் போட்டாள்.

"ஒரே நம்பர ரெண்டு எடத்துல குடுத்திருப்பீங்கம்மா. நல்லாப் பாருங்க" என்றார் அவர்.

"பாத்துட்டேன் சார். யாருக்குமே குடுக்கல."

"எந்தப் போர்ட் வழியா வருதுன்னு சுவிட்ச் காட்டுது?"

"மூணாவது."

"நீங்க வச்சிருக்கறது?"

"ரெண்டுதான் சார்."

"முதல்ல பிங்க நிறுத்துங்க. நாம கூப்பிட்டாத்தானே அது பதில் சொல்லும். நிறுத்திட்டு, நாளைக்குப் பாப்போம்" என்றார்.

சரி சார் என்று போனை வைத்தாள். நிறுத்தவில்லை.

ஏனென்றால் இதற்குள் ஒன்பது விநாடி எட்டாகியிருந்தது. பதில் வர எடுக்கும் நேரம்தான் தூரம். இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. நேரம் குறைகிறதென்றால் பதில் சொல்லுகிறவர் கிட்ட வருகிறார். ஏழு விநாடி. ஆறரை. லேப்டாப்பின் விசிறி இரைய ஆரம்பித்தது, சூடான பிளாஸ்டிக் வாசனை மேசையைச் சுற்றிக் கவிந்தது, உள்ளறையில் குழந்தை புரண்டு படுத்த சத்தம் கேட்டது, அதற்குக்கூட அவள் தலையைத் திருப்பவில்லை. விநாடிக்கு ஒருதரம் அவள் மெஷின் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு நெஞ்சுக்கூட்டில் எதுவோ அசைந்தது. எழுபத்தேழு வேறு யாருக்குத் தெரியும்?

"வாங்க" என்றாள், திரையைப் பார்த்து, மெல்ல. "வந்துருங்க."

நாற்பது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூன்று விநாடி. ஒன்று. அரை. பிறகு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு பொய் மெஷினும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற தூரம் அதுதான். பிறகு பூஜ்யம்.

வந்தாயிற்று.

பதில் நின்றது. அவள் மெஷின் கூப்பிட்டது, ஒன்றும் வரவில்லை. போய்விட்டாரோ என்று சுவிட்சின் போக்குவரத்தைக் காட்டுகிற இன்னொரு ஜன்னலைத் திரையில் திறந்தாள்.

இப்போது கேள்வி எழுபத்தேழிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஒன்றாம் நம்பர், இருக்கியா. முதல் மெஷின் சொன்னது, இருக்கேன். இரண்டாம் நம்பர், இருக்கியா. இருக்கேன். மூன்று. அது அவளுடைய லேப்டாப். நான்கு, வைஃபை பெட்டி. அடைத்த சுவிட்சிலிருந்து அதற்குப் போக வழியே கிடையாது. அதுவும் சொன்னது, இருக்கேன். ஐந்து. மேசையிலிருந்த அவள் போன் ஒருமுறை வெளிச்சம் போட்டு அணைந்தது.

வரிசையாக. ஒரு நம்பர் விடாமல்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த வீட்டு வயரெல்லாம் இழுத்தது அவர். எது எங்கே, எதற்கு எந்த நம்பர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். சொந்த வீட்டுக்காரன் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பானா? வீடு தெரியாதவன்தான் தட்டுவான்.

இது அவரில்லை.

நிறுத்தினாள். இரண்டு மெஷினையும் மூடினாள், சுவிட்சை அழித்தாள், வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். பழைய மரப்பு திரும்பி வந்துவிட்டிருந்தது.

திரையில் வரிகள் ஓடிக்கொண்டேயிருந்தன.

ஆறு, இருக்கியா.

வீட்டில் ஆறாவதாக எந்தச் சாமானும் இல்லை. எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள். இல்லை.

"இருக்கேன்."

உள்ளறையிலிருந்து. குட்டியின் குரல். தூக்கக் கலக்கமில்லை. அழுகையில்லை. எந்தச் சுருதியும் இல்லை.

திரையில் பதில் விழுந்தது. நேரம், ஒன்பது விநாடி.

ஓடினாள். குழந்தை கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. உடம்பைத் தொட்டாள். காய்ச்சலில்லை. குளிர்ந்திருந்தது.

"இருக்கேன்."

"குட்டி. சொல்லாதடா. அம்மா சொல்றேன்ல, பதில் சொல்லாத."

"இருக்கேன்."

மடியில் இழுத்துப் போட்டு வாயைப் பொத்தினாள். திறந்திருந்த கதவு வழியாக மேசை தெரிந்தது. திரை தெரிந்தது. எட்டு விநாடி. ஏழரை. ஆறு.

இன்னும் அழுத்திப் பொத்தினாள்.

உள்ளங்கைக்கடியில், விநாடிக்கு ஒருதரம், அந்தச் சின்ன உதடு அசைந்துகொண்டிருந்தது.