நிறம் ஏறாத இடம்

தாழ்ப்பாள் இருந்த சுவடே தெரியாதபடி நான்கு துளைகளையும் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தபோதுதான் உள்பக்கத்தில் அந்த வெளுப்பு கண்ணில் பட்டது. நெஞ்சுயரத்தில் இரண்டு. அவற்றுக்கு நடுவே சற்று மேலே வட்டமாக ஒன்று. முழங்கால் உயரத்தில் சின்னதாக இன்னொன்று. மற்ற இடமெல்லாம் கதவு தேன் நிறத்துக்கு வந்திருந்தது.

அவன் தச்சன். அந்தக் கதவை எட்டு மாதத்துக்கு முன் அவனேதான் செய்தான். வார்னிஷ் வாடைக்கு அப்பா இருமுவார் என்று பூசாமல் வெள்ளையாகவே மாட்டினான். எதிர் ஜன்னல் வெயில் நாள் முழுக்க அதன்மேல் விழும். வெயில் பட்ட மரம் நிறம் ஏறும். மேலே எதையாவது மாட்டி மறைத்தால் அந்த இடம் மட்டும் வெளிறிக் கிடக்கும். பட்டறைக்கு வருபவர்களிடம், காலண்டர் தொங்கிய பழைய அலமாரியைக் காட்டி, "மறைச்ச இடத்துல நிறம் ஏறாதுங்க" என்று அவன் எத்தனை தடவை சொல்லியிருப்பான். பெயர்ப்பலகைக்கும் அதே வித்தைதான். எழுத்து வடிவத் தகடுகளைப் பலகையில் ஒட்டி, சூட்டுக்காற்று ஊதும் ஹீட் கன்னைக் காட்டுவான். சுற்றிலும் பழுப்பேறும். தகட்டை எடுத்தால் எழுத்து வெள்ளையாகச் சிரிக்கும்.

நெஞ்சுயரத்தில் இருந்த இரண்டு வெளுப்புகளுக்கும் ஐந்து ஐந்து விரல்கள் இருந்தன.

அப்பாவுக்கு மறதி முற்றிப்போய் இரண்டு முறை நடுரோடு வரை நடந்துவிட்டார். அதனால்தான் வெளியே தாழ்ப்பாள். பட்டறைக்குப் போகும்போது போடுவான், சாயங்காலம் வந்து திறப்பான். முதல் நாள் கை கூசியது. ஒரே வாரத்தில் அந்தக் கூச்சம் விட்டுப்போயிற்று. அது விட்டுப்போனதை நினைத்துத்தான் இப்போது உடம்பெல்லாம் கூசியது. கடைசியில் ஒருநாள் வெளியூர் வேலை இழுத்துக்கொண்டது. அங்கேயே தங்கிவிட்டான். மறுநாள் வந்து தாழ்ப்பாளை நீக்கித் தள்ளினால் உள்ளே ஒரு கனம். கொஞ்சம் விலகிய கதவு திரும்பி வந்து சாத்திக்கொண்டது. அப்பா கதவில் சாய்ந்தபடியே போயிருந்தார்.

அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்திக் கழுத்து வரை போர்த்திவிட்டு, பிரசவ வார்டில் இருந்த தங்கைக்குப் போன் செய்தான். "தூக்கத்துலயே போயிட்டார்மா. ஒரு கஷ்டமும் படல." வாய் கூசாமல் சொன்னான். பூசி மெழுகுவதுதானே அவன் தொழில்.

சாவுக்கு வரமுடியாத தங்கை இன்றுதான் வருகிறாள். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"அண்ணா, பஸ்ஸ விட்டு இறங்கிட்டேன். அப்பா ரூம்ல கொஞ்ச நேரம் உட்காரணும். எதையும் மாத்திடலையே?"

"இல்லம்மா. அப்படியேதான் இருக்கு."

இறங்கும் இடத்திலிருந்து பத்து நிமிட நடை. அவள் ஒரு தடவை பார்த்தால் போதும். அந்த விரல்கள் மேல் தன் விரல்களை வைத்துப் பார்ப்பாள். அப்புறம் அவன் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவள் முன்னால் நிற்பது?

ஹீட் கன்னை எடுத்துவந்து இடது கையின் வெளுப்பில் காட்டினான். சூடு சீறியது. விரல்களின் ஓரமெல்லாம் தேன் நிறம் பழுப்பாகி, பழுப்பு கருமையாயிற்று. நடுவில் உள்ளங்கை அப்படியே வெள்ளையாக இருந்தது. நெருக்கிப் பிடித்தான். சூடேறிய மரத்தின் இனிப்பு வாடை வரவேண்டிய இடத்தில் நகம் கருகுகிற வாடை வந்தது.

மறைத்த இடத்தில் நிறம் ஏறாது.

அப்படியென்றால் இப்போதும் அப்பா கை வைத்து மறைத்துக்கொண்டு.

சூட்டை விலக்கினான். "அப்பா," என்றான். எட்டு மாதமாக இந்தப் பக்கம் நின்று அவர் எத்தனை முறை அவனைக் கூப்பிட்டிருப்பார். "தப்புதான்ப்பா. அவகிட்ட மட்டும் காட்டிடாதீங்க." மன்னிப்புக் கேட்கும்போதுகூடத் தன்னைக் காப்பாற்றத்தான் கேட்கிறோம் என்று அவனுக்கே தெரிந்தது. அசிங்கமாக இருந்தது.

வெளுப்பு மெல்ல நிறம் ஏறத் தொடங்கியது. முதலில் விரல் நுனிகள், பிறகு உள்ளங்கைகள், நெற்றி, முட்டி. எல்லாம் தேனாகிக் கதவோடு கலந்தன. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா விட்டுக்கொடுத்துவிட்டார். எப்போதும் விட்டுக்கொடுப்பவர்தானே.

நிறம் ஒன்றுபோல இருக்கட்டும் என்று கதவு முழுக்கச் சூட்டை ஓட்டினான். மேலிருந்து கீழ். மரம் பழுத்துக்கொண்டே வந்தது.

ஓரிடத்தில் பழுக்கவில்லை.

நெற்றி இருந்த உயரத்தில், அதைவிடப் பெரிய வட்டம். அதன் கீழே இரண்டு தோள்பட்டைகள். இடுப்பருகே விரல்கள், கீழ் நோக்கி. அடியில் இரண்டு குதிகால்கள்.

முதுகு.

கதவைப் பார்த்து நின்றவர் திரும்பிவிட்டார்.

ஹீட் கன் கையிலிருந்து நழுவித் தரையில் கிடந்து சீறியது. பின்னால் நகர்ந்தான். ஜன்னல் கம்பி முதுகில் இடித்தது. வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். கூடத்தில் காலடி.

"அண்ணா?"

கதவு அசைந்தது. ஓர் அங்குலம் விலகி, திரும்பி வந்து சாத்திக்கொண்டது.

"அண்ணா, கதவுல சாஞ்சுட்டு நின்னா நான் எப்படி உள்ள வர்றது? கொஞ்சம் தள்ளி நில்லேன்."

அவன் நான்கடி தள்ளித்தான் நின்றான். கண்ணை அந்த வெளுப்பை விட்டு எடுக்க முடியவில்லை. மரம் இன்னும் சூடாகத்தான் இருந்தது. தோள்பட்டைகள் மெல்லப் பழுப்பேறின. பிறகு தலை. பிறகு கீழ் நோக்கிய விரல்கள். கடைசியாகக் குதிகால்கள் இரண்டும், அடியெடுத்து வைப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக, முதலில் இடது, அப்புறம் வலது.

கதவை இப்போது எதுவும் மறைக்கவில்லை.