கிளெனிஸ் மீட்ட நம்பர்

யானையையே தகடாக்கும் இயந்திரத்தை, அறுபத்தெட்டு வயது கிளெனிஸ் ஒரு டின் இஞ்சிக் கேக்கால் நிறுத்தினாள். எங்கள் போல்டன் ஊரில் இதை நம்பாதவர் ஒருவர்தான்: அவள் கணவர் ஸ்டான்லி. அதுவும், பக்கத்திலேயே நின்றது அவருடைய அக்கா ஈனிட்!

அன்று காலை டோஸ்ட் கருகியது, யாரும் எடுக்கவில்லை. காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து போன். சரிவில் உருண்டு சர்ச் சுவரில் மோதிய கிளெனிஸின் கார் இனித் தேறாதாம். பதினொரு மணிக்குள் நசுக்கிவிடுவார்களாம். காரின் நம்பர் மட்டும் வேண்டுமென்றால் அதற்குள் தன் பெயரில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு நம்பரும் போச்சு.

சாதாரண நம்பரா அது? ஈனிட்டின் கணவர் நாரிஸின் பெயரெழுத்தும் அவர்கள் கல்யாண நாளும் சேர்ந்தது. அவர் போனபின், நாத்தனார் கண்ணில் தினமும் படட்டுமென்று கிளெனிஸ்தான் அதைத் தன் காரில் மாட்டிக்கொண்டாள்.

"என் புருஷன ஒருதரம் கான்சர் கொண்டுபோச்சு... இப்ப நீ கொண்டுபோற, கிளெனிஸ்," என்றார் ஈனிட்.

எட்டு நாளாக மனைவியிடம் பேசாத ஸ்டான்லி, மேட்டில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் போடத் தெரியாதா என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். முதல் நாளே "நான்தான்" என்று சொன்ன கிளெனிஸ், அதை மாற்றவில்லை.

நம்பரை எழுதி வாங்க ஆர்.சி. புத்தகம் வேண்டும். அதுவோ, எல்லா வீட்டிலும் நடப்பதுபோல, அந்தக் காரின் டேஷ்போர்டுக்குள்! சர்ச் விற்பனைக்குச் செய்த கேக் டின்னைத் தூக்கிக்கொண்டு, கார் நசுக்கும் யார்டுக்கு பஸ் ஏறினாள். நாரிஸை வழியனுப்ப ஈனிட்டும் ஏறினார்.

போனபோது கார் கிரேன் நகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் மான்செஸ்டரில் கண்ணாடிகள் உடைந்திருக்கும். இவள் கத்தியது யார் காதில் விழும்? நேரே கிரேனுக்கு முன்னால் போய் நின்றாள். டின்னைத் திறந்து உயர்த்தி, கைக்கடிகாரத்தைக் காட்டினாள். மணி பத்து. மன்னரே வந்தாலும் பத்து மணி டீயை எங்கள் ஊர் ஆட்கள் தள்ளிப்போட மாட்டார்கள். இயந்திரம் அடங்கியது. கார் இறங்கியது. கால் மணி நேரம்தான்.

கதவு திறக்கவில்லை. உடைந்த ஜன்னலுக்குள் தோள்வரை கையை விட்டாள். ரத்தம் வழிய வழியப் புத்தகம் வந்தது. போனில் விவரங்களைத் தட்டினாள். சிக்னல் போனது... வந்தது... மறுபடி போனது. ஆட்கள் கோப்பையைக் கவிழ்க்கும் நேரத்தில் நம்பர் அவள் பெயரில் வந்து சேர்ந்தது. கார் தகடாயிற்று.

வீட்டில் ஸ்டான்லி சிரித்தார். "கேக்குக்கு மெஷின் நின்னுச்சா? பண்ணினது பத்தாதுன்னு பொய் வேறயா? அக்கா, நீயே சொல்லு."

கிளெனிஸ் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈனிட்டைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள்.

ஈனிட் எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நின்னுச்சு, ஸ்டான்லி. என் கண்ணால பாத்தேன்... அன்னைக்குக் கார எடுத்துட்டுப் போய், திரும்பி வந்து வீட்டு மேட்டுல ஹேண்ட்பிரேக் போடாம எறங்கினதும் நான்தான். இவ ஜன்னல்ல நின்னு பாத்தா. பாத்துட்டுத்தான் தன்மேல போட்டுக்கிட்டா."