மூன்றாவது பெனால்டி

செத்தவரின் பாக்கெட்டில் செல்போன் விடாமல் அடித்தது...

திரையில் 'முதலாளி'.

கோப்பை வென்ற மறுநாள் காலை. உடை மாற்றும் அறையில் கோல்கீப்பர் கோச் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் பலத்த அடி.

பக்கத்தில் அவருடைய தம்பி, அணியின் கோல்கீப்பர், அண்ணனின் ஒற்றை ஷூவை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தான். எதிரணி அடித்த நாலு பெனால்டியில் மூன்றைத் தடுத்தவன். நேற்று தோளில் தூக்கியவர்கள் இன்று வாசலோடு நின்றுவிட்டார்கள்.

பெண் இன்ஸ்பெக்டர் அவனுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அதில் ஒட்டிய காகிதத்தில், எதிரணியில் யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்ற குறிப்பு.

"இது யார் எழுதினது?"

"அண்ணன்தான் மேடம். மேட்சுக்கு முன்னாடியே ஒட்டிடுவாரு."

"ஒன்பது, நாலு, பதினொண்ணு, ரெண்டு... நம்பர் ஏன் இப்படிக் கலைஞ்சு கிடக்கு?"

அவன் பாட்டிலை வாங்கிப் பார்த்தான். அண்ணன் எப்போதும் ஜெர்ஸி நம்பர் வரிசையில்தான் எழுதுவார். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட மாற்றியதில்லை.

"இது... அவங்க அடிச்ச வரிசை மேடம்."

அந்த வரிசையை எதிரணி, ஆட்டம் டிராவில் முடிந்த பிறகுதான் தீர்மானிக்கும். இரண்டு அணிக்கும் ஒரே ஆள் எழுதிக் கொடுத்தால் ஒழிய, முன்கூட்டியே தெரிய வழியில்லை!

ஒருவருக்கு இரண்டு கிளப் கூடாது என்பது லீக் விதி. எதிரணி கிளப், இந்த அணி முதலாளியின் மச்சான் பெயரில் இருந்தது. மச்சானுடையது பெயர் மட்டும்தான்.

செத்தவருக்குப் போன் போட்டு நல்லவர் வேஷம் கட்டிய முதலாளி, நேரில் வந்தபோதும் கையிலிருந்த கோப்பையை யாரையும் தொட விடவில்லை. இன்ஸ்பெக்டர் பிடுங்கித் திருப்பினார். அடிப்பாகத்தில் காய்ந்த ரத்தம்.

விசாரணையில் எல்லாம் வந்தது. முதலாளி சொன்னதை எழுதிய கோச், வேண்டுமென்றே ஜெர்ஸி வரிசைக்கு மாற்றாமல் அடிக்கப்போகும் வரிசையிலேயே எழுதி அதையே சாட்சியாக்கியிருந்தார். ஆட்டம் முடிந்ததும், லீக்கில் சொல்லப்போவதாக முதலாளியிடம் சொன்னார். அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு.

"அப்ப நான் தடுத்ததெல்லாம் மேடம்?"

இன்ஸ்பெக்டரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காகிதத்தை மெதுவாக உரித்தார். பின்பக்கமும் அண்ணனின் கையெழுத்து.

'தம்பி, மன்னிச்சுடு. மூணாவது ஆள் மட்டும் விலை போகலை. அதைப் பிடிச்சிருந்தா, அது உன்னோடதுடா.'

முன்பக்கம், மூன்றாவதாக இருந்த பதினொன்றாம் நம்பருக்கு நேரே வெறும் கேள்விக்குறி.

"மூணாவதைப் பிடிச்சியாப்பா?"

அவன் ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"அது ஒண்ணுதான் மேடம் உள்ளே போச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"கேஸ் முடிஞ்சதும் அந்தக் கப்பைக் கழுவி அந்தப் பதினொண்ணாம் நம்பர்கிட்ட கொடுத்துடுங்க. நேத்து விளையாடினது அவன் ஒருத்தன்தான்."