தீபாவளிக்கு ஒரு ஆள்

"வெச்சிடாதம்மா," என்று அந்தக் குரல் மறுபடியும் கெஞ்சியபோது இளமதியின் விரல் அழைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அழுத்தவும் முடியவில்லை, விலக்கவும் முடியவில்லை. அவளைப் பயமுறுத்தியது குரல் அல்ல. குரலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த வீணை. காத்திருப்பவர்களுக்காகப் போடும் இசை அது. அழைப்பை எடுத்ததுமே நின்றுவிட வேண்டும். இவள் எடுத்துப் பேச ஆரம்பித்து எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது.

"இருக்கியா?"

"இருக்கேன் ஆன்ட்டி."

அவள் இன்று இங்கே இருக்க வேண்டியவளே இல்லை. பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்தவள். தனியாக இருக்கும் முதியவர்கள் கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தினால், வீட்டுச் சுவரில் உள்ள பெட்டி வழியாக அவரவர் மொழியில் பேச இந்த அலுவலகத்தில் ஒருவர் எடுப்பார். எந்த நாளில் எந்த மொழிக்கு எத்தனை ஆள் தேவை என்று கணக்குப் போடுவதுதான் இளமதியின் வேலை. போன வருடம் எத்தனை அழைப்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீண்டது என்று கொடுத்தால் கணினியே ஆள் கணக்கைச் சொல்லிவிடும்.

"தீபாவளிக்கு தமிழ் லைன்ல ஜீரோன்னு போட்டிருக்க?" என்று சிரித்தாள் மேலாளர் ஷமீமா.

"போன வருஷம் அன்னிக்கு ஒரு கால்கூட இல்லக்கா. எல்லாரும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடுவாங்கல்ல?"

"அதுக்காக சீட்டைக் காலியா விட முடியாது லா. நீ போட்ட கணக்குதானே, நீயே உக்காரு. சும்மா முறுக்கு தின்னுக்கிட்டு இரு."

பொங்கோலில் அவள் வீட்டில் அப்பா நடேசனும் அதையேதான் கிண்டல் செய்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது கையும் காலும் வராது. அவர் கழுத்திலும் அதே பொத்தான். அம்மா புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "நீயும் போ மதி. நான் என்ன எழுந்து ஓடிடவா போறேன்? ஏதாச்சும்னா அழுத்துறேன். ஆளே இல்லாத லைன்ல நீதானே ராணி."

மாலை முழுவதும் மழை. கீழே சிராங்கூன் சாலையின் விளக்கு வளைவுகள் ஈரக் கண்ணாடியில் கரைந்து வழிய, மின்தூக்கி யாரையும் ஏற்றாமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க, அவளைச் சுற்றி வரிசையாகக் காலி நாற்காலிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் யாரோ இப்போதுதான் கழற்றி வைத்ததுபோல ஒரு ஹெட்செட். அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. திரையில் பெயர் சரசு, வீடு தோ பாயோ. காத்திருந்த நேரம் என்ற கட்டத்தில் எண் இல்லை. கட்டத்துக்குள் அடங்காத எண்ணுக்குப் பதிலாக வரும் கோடுகள் மட்டும். சிஸ்டம் கோளாறு என்று நினைத்து எடுத்தாள்.

"அப்பாடா, எடுத்துட்டியா? 'லைன்லயே இருங்க, அடுத்த ஆள் உங்ககிட்ட பேசுவாங்க'ன்னு அந்தப் பொண்ணு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நானும் இருந்தேன். அதிரசம் சுடும்போது விழுந்துட்டேன்மா. எண்ணெய் காயுது. எழுந்திருக்க முடியல."

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, திரையில் பக்கத்து வீட்டுக்காரர் என்றிருந்த அண்ணாதுரையைத் தன் கைப்பேசியிலிருந்து அழைத்தாள். பின்னால் குழந்தைகள் மத்தாப்புக்குச் சண்டை போடும் சத்தம்.

"சரசக்காவா? அவங்க போன தீபாவளிக்கே போய்ட்டாங்களேமா. கிச்சன்ல விழுந்து. ரெண்டு நாள் கழிச்சு கதவை உடைச்சப்ப அந்தப் பெட்டில இன்னும் பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க யாரு பேசுறது?"

அவளுக்குக் கணக்கு இப்போதுதான் புரிந்தது. கணினி எண்ணுவது எடுத்துப் பேசிய அழைப்புகளை மட்டும். போன தீபாவளிக்குத் தமிழ் லைனில் எல்லோருக்கும் விடுமுறை. எடுக்க ஆளில்லை. ஆளில்லாததால் அழைப்பும் இல்லை. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துத்தான் இவளும் ஆள் வேண்டாம் என்று எழுதினாள்.

அலுவலகத்தில் எண்ணெய் தீயும் வாடை பரவியது.

"பேசும்மா. நீ பேசாட்டி அந்தப் பாட்டுதான் கேக்குது."

"பேசுறேன் ஆன்ட்டி."

"பக்கத்துல ஒரு பூரிக்கட்டை இருந்திருந்தாக்கூட கதவைத் தட்டியிருப்பேன். கை எட்டல. வெளிய எல்லாரும் வாழ்த்து சொல்லிக்கிட்டு நடந்து போறது கேட்டுது. என் வாசல்லயும் நின்னாங்க. பூட்டியிருக்குன்னு போய்ட்டாங்க."

இளமதி அழுதாள். பயத்தில்தான் ஆரம்பித்தது. பிறகு வேறு ஏதோ ஆகிவிட்டது.

திரையின் மூலையில் ஒரு மணிச் சத்தம்.

காத்திருப்போர்: ஒருவர்.

பொங்கோல். நடேசன்.

சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். துண்டிக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஹெட்செட்டைக் கழற்றி வீசினாள். குரல் அங்கிருந்தும் கேட்டது. "இருக்கியா? இருக்கியாம்மா?"

கைப்பேசி. அப்பா எண். வீணை.

அம்மா எண். வீணை.

ஷமீமாக்கா. ஆம்புலன்ஸ். வீணை. வீணை. 'லைன்லயே இருங்க, அடுத்த ஆள் உங்ககிட்ட பேசுவாங்க.'

அடுத்த ஆள் இல்லை. இருந்தது ஒரு ஆள். அதுவும் சும்மா உட்கார வந்தது.

அப்பா பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தில் எண்கள் ஓடின. வேகமாக. இன்னும் வேகமாக. பிறகு எண்கள் இல்லை. கோடுகள்.

"அது யாரும்மா வெயிட் பண்றது?" என்றது குரல், மெதுவாக.

"எங்கப்பா, ஆன்ட்டி." கீழே கிடந்த ஹெட்செட்டைப் பொறுக்கி எடுத்தாள். "ப்ளீஸ். எங்கப்பா."

மறுமுனையில் வீணை. எண்ணெய் கொதிக்கும் சத்தம். ஒரு பெருமூச்சு.

"பாவம். விழுந்துட்டாரா? நான் வெச்சிடுறேன் கண்ணு. வெச்சிடுறேன். ஆனா நான் வெச்சிட்டா, அப்புறம் என்னை யாரும்மா எடுப்பா?"