பேர் தேடிய மழைக்காலம்

“ஏட்டி வடிவு... நில்லுட்டி! ஓடாத, சொல்லிட்டேன்!”

ஆவடியை அடுத்த சேக்காட்டின் அந்தக் குறுகலான தெருவில் கிருஷ்ணப்பிரியா ஓடிக்கொண்டிருந்தாள். தூறல் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவளுடைய ஒரு கையில் அறுந்த கயிறு, இன்னொரு கையில் ஒற்றைச் செருப்பு. அதன் ஜோடி, முன்னால் பறந்துகொண்டிருந்த வடிவின் வாயில்.

வடிவு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருமுனையில் இருந்த செடி நர்சரியின் கேட்டுக்குள் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது.

“வடிவு!”

உள்ளே ரோஜாத் தொட்டிகளுக்கு மண் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சட்டென்று நிமிர்ந்து திரும்பினாள். அந்த முகம்... வெகுநாள் காணாத யாரோ வாசலில் வந்து நிற்பதைப்போல அப்படியே மலர்ந்துபோனது. கண்ணில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் குதூகலம்!

யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று புரியாமல், கிருஷ்ணப்பிரியா நாயைப் பார்த்துக் கத்தினாள். “வடிவு, செருப்பக் கீழ போடு!”

அம்மாள் நாயைப் பார்த்தாள். கிருஷ்ணப்பிரியாவைப் பார்த்தாள். மலர்ந்த முகம் மெல்ல மெல்ல அணைந்தது. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, பின்னாலிருந்த வீட்டுக்குள் போய்விட்டாள்.

“இன்னா மேடம் இது?”

செம்பருத்திக் கிளைகளை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். வெளுத்த நீலச் சட்டை. நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து ஒரு மழைத்துளி இறங்கி, இமையில் வந்து தயங்கி நின்றது... கோபப்பட வேண்டும் என்று வந்த கண்கள்தான். ஆனால் கோபப்பட்டுப் பழக்கமில்லாத கண்கள்.

“நாய் உள்ள வந்துட்டு... சாரிங்க. இந்தா கூட்டிட்டுப் போயிருதேன்.”

“நாய் வந்தா வந்துட்டுப் போவுது. அத்த இன்னான்னு கூப்ட்டீங்க?”

“வடிவு.”

“அது எங்கம்மா பேரு.”

கிருஷ்ணப்பிரியாவுக்குத் தலையில் இடி இறங்கியது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன், “நாய்க்கு வைக்க வேற பேரே கெடைக்கலியா? ஜூலி, ரோஸின்னு எவ்ளோ கீது!” என்றான். அந்தத் தொனிதான் அவளைச் சீண்டியது.

“ஏன், அந்தப் பேருக்குப் பட்டா வாங்கி வச்சிருக்கீங்களோ?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் அவளையே ஒரு கணம் பார்த்தான்.

“எல்லாத்துக்கும் பட்டா இருந்திச்சு மேடம். நீங்க குடியிருக்கிற ஃபிளாட்டு கூட எங்க தாத்தாவோட கழனிதான். வித்தது போவ மீந்தது இந்த நர்சரி ஒண்ணு. பேரையாவது வுட்டுவைங்க...”

குனிந்து, நாயின் வாயிலிருந்து செருப்பை நைசாக வாங்கி, தன் சட்டையிலேயே துடைத்து அவளிடம் நீட்டினான்.

சண்டை போட்டவன் செருப்பைத் துடைத்தா கொடுப்பான்? வீடு வரைக்கும் அவளுக்கு அதே யோசனை.

அவள் தென்காசிப் பெண். அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. தோழி ஜெபாவோடு சேக்காட்டில் வாடகை ஃபிளாட். ஆடி மாதத்து மழையில் ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைத் துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு வந்தவள், தெருவுக்கு நான்கு இருக்கும் ஜூலியும் ரோஸியும் வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்தாள். மை தீட்டியது போன்ற அந்தக் கண்ணுக்கு ‘வடிவு’ என்ற பேர்தான் பொருத்தம். இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கப்போகிறது அந்தப் பேர் என்று நினைத்தாள்...

மறுநாள் சாயங்காலம் நாயோடு நர்சரிக்குப் போனாள். அந்த அம்மாள் அவளைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன்தான் நின்றான். வரதன் என்று பேர் சொன்னான்.

“பேர மாத்திருதேன்” என்றாள் கிருஷ்ணப்பிரியா, செடிகளைப் பார்த்துக்கொண்டு. “ஆனா, ஊர்ல வேற எந்த நாய்க்கும் இல்லாத பேரா இருக்கணும். உங்க சொந்தத்துல யாருக்கும் இருந்துரவும் கூடாது. இன்னொரு தடவ என்னால திட்டு வாங்க முடியாது.”

“நானா திட்டினேன்?”

“இல்ல... நாய்தான் திட்டுச்சு.”

அவன் சிரித்துவிட்டான். மழை பெய்து ஓய்ந்த தெருவில் திடீரென்று வெயில் அடித்தது போலிருந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் ஒரு பேர் சொல்வாள். அவன் யோசிப்பது போல மோவாயைத் தேய்ப்பான்.

“செண்பகம்?”

“அய்யோ, எங்க அத்த பேரு.”

“மனோரஞ்சிதம்?”

“திருநின்றவூர் சித்தி. பயங்கரக் கோவக்காரங்க.”

“பவழமல்லி... சுருக்கமா பவழம்?”

“பெரியம்மா!”

“அல்லி?”

“மளிகைக்கட அல்லியக்கா. தெனம் அவங்க கடையாண்ட போய்த்தான நீங்க பால் வாங்குறீங்க?”

“ஊர்ப்பட்ட சொந்தம் வச்சிருக்கீங்க...”

“பழைய குடும்பம் மேடம். இன்னா பண்றது?”

ஐப்பசி வந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே அவள் கால்கள் தாமாக விரைந்தன. பச்சை நிழல்வலைக்கு மேல் மழை சலசலக்கும். கீழே எல்லாமே பச்சை வெளிச்சத்தில் மிதக்கும்... இலைகள், தொட்டிகள், அவன் கைகள். பேர் இல்லாத நாய் இட்லிப்பூச் செடிக்கு அடியில் சுருண்டு தூங்கும். பேச்சு பேரில் தொடங்கி, தென்காசிச் சாரலுக்குப் போய், அவன் பாதியில் விட்ட காலேஜுக்குப் போய், எங்கெங்கோ அலைந்து, இருட்டுவதற்குள் மௌனத்தில் வந்து நிற்கும். அந்த மௌனம்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது.

அந்த அம்மாள் மட்டும் வெளியே வரவே இல்லை.

ஒருநாள் கேட்டருகே வந்தவளின் காதில் உள்ளிருந்து அந்தக் குரல் விழுந்தது. “அந்தப் பொண்ண இனிமே இங்க வர வேணாம்னு சொல்லிடு வரதா.”

அவன் என்ன பதில் சொன்னான்? கேட்க அவள் நிற்கவில்லை. கண் எரிந்தது. வர வேண்டாம் என்றால் வரவில்லை... ஒரு நாய்க்குப் பேர் வைக்க ஊரான் வாசலில் போய் நிற்க வேண்டுமா என்ன?

அதற்குப் பிறகு வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனாள். அவன் ஃபிளாட் வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டுப் போனதாக ஜெபா சொன்னாள். “பாவம்ட்டி, நனைஞ்சுட்டு நின்னாரு” என்றாள். கிருஷ்ணப்பிரியா லேப்டாப்பிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. திரையில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

நாய்க்கு ரோஷம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதவு திறந்த கணத்தில் அவிழ்த்துக்கொண்டு ஓடியது. எங்கே என்று தேட வேண்டியதில்லை.

நர்சரியில் வரதன் இல்லை. அந்த அம்மாள்தான் நாயை மடியில் கிடத்தி, பழைய துண்டால் ஈரம் துவட்டிக்கொண்டிருந்தாள்.

“வாம்மா. கேட்டாண்டயே நின்னா எப்டி?”

கிருஷ்ணப்பிரியா தயங்கித் தயங்கி வந்தாள். “வர வேண்டாம்னு சொன்னீங்க... நாய் ஓடி வந்துட்டு. உடனே போயிருதோம்.”

துண்டு ஒரு நொடி நின்றது.

“காதுல வுழுந்திடுச்சா?” அம்மாள் பெருமூச்சு விட்டாள். “உன் மேல கோவம் இல்ல கண்ணு. வெக்கம்.”

“வெக்கமா?”

“இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளா நான் மருமவ. அப்புறம் வரதன் அம்மா. தெருவுல அக்கா, நர்சரியம்மா. அவரு இருந்த வரைக்கும் ‘இந்தாமே’ன்னுதான் கூப்டுவாரு. பேர் சொல்லி ஒருத்தர் கூப்ட்டதில்ல. ரேஷன் கடையில கூட கார்டத்தான் கேக்குறான்...” லேசாகச் சிரித்தாள். “அன்னிக்கு முதுவுக்குப் பின்னால ‘வடிவு’ன்னு ஒரு பொம்பளக் கொரலு. எங்கூடப் படிச்சவ யாரோ என்ன தேடிகினு வந்துட்டான்னு நெனச்சிட்டேன். நெஞ்சு அப்டியே ஜிவ்வுன்னு ஆயிடுச்சு. பல்லெல்லாம் தெரிய திரும்பிப் பாத்தா...”

“நாய்” என்றாள் கிருஷ்ணப்பிரியா.

“உன்ன பாக்கறப்பல்லாம் நான் இளிச்சது நெனப்பு வருது. இத்த புள்ளகிட்ட எப்டி சொல்றது? வர வேணாம்னு சொல்லிட்டேன்.”

கிருஷ்ணப்பிரியா ஈரத்தரை என்றும் பாராமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மண் படிந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னைய மன்னிச்சிருங்க... வடிவம்மா.”

அந்த அம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

“இன்னொரு தபா சொல்லு.”

“வடிவம்மா.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வடிவு அவசரமாக நாயின் பக்கம் திரும்பினாள். அது எழுந்து ஒரு உதறு உதறியது. ஒரு காது விறைத்து நிற்க, தொங்கிய மற்றொரு காது டங்டங்கென்று ஆடியது.

“கண்றாவி, அந்தக் காத பாரேன்! ஒத்தக் காதுல லோலாக்கு போட்டாப்ல...”

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“லோலாக்கு!”

நாய் வாலை ஆட்டியது. கூப்பிட்டதற்கா, மடியில் இடம் கிடைத்ததற்கா, யார் கண்டது? ஆனால் பேர் நிலைத்துவிட்டது.

“இந்தப் பேர்ல உங்க சொந்தத்துல யாரும் இல்லியே?” என்றாள் கிருஷ்ணப்பிரியா கவலையோடு.

“லோலாக்குன்னு எவ பேரு வைப்பா?”

“இல்ல... செண்பகம் அத்தை, மனோரஞ்சிதம் சித்தி, பவழம் பெரியம்மா... எல்லாப் பேரும் போயிருச்சுல்லா, அதான்.”

“எந்தச் செண்பகம்?” வடிவு விழித்தாள். “வரதனோட அப்பா ஒத்தப் புள்ளம்மா. எனக்குக் கூடப் பொறந்தது ரெண்டு தம்பிங்க. அவனுங்க பொண்டாட்டிங்க சுமதி, கஸ்தூரி. சித்தியும் கெடையாது, பெரியம்மாவும் கெடையாது. யாரு சொன்னது?”

வெளியே குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. தொட்டிகளை இறக்கப் பின்கதவைத் திறந்த வரதன், நர்சரிக்குள் அவளைக் கண்டதும் அப்படியே நின்றான். முகத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க வந்து போனது.

“உன் செண்பகம் அத்த சௌக்கியமாடா?” என்று கேட்டாள் வடிவு. பிறகு, “டீ போடறேன்” என்று எழுந்தாள். லோலாக்கு அவள் பின்னாலேயே ஓடியது.

வலைக்கடியில் இரண்டு பேர். மேலே மழை.

“ஏன் பொய் சொன்னீங்க?”

அவன் தரையைப் பார்த்தான்.

“பேரு கெடச்சிட்டா நீங்க வர மாட்டீங்களே...”

“மனோரஞ்சிதம் சித்தி?”

“சும்மா.”

“பயங்கரக் கோவக்காரங்கன்னு சொன்னீங்க!”

“அல்லியக்கா மட்டும் நெசம்.” தலையை நிமிர்த்தினான். இமையில் மறுபடி ஒரு துளி. “தப்புதான். மொத நாளே சொல்லியிருக்கணும். உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. நீங்க படிச்சவங்க, வெளியூரு... எனக்கு இன்னா தகுதி கீதுன்னு தெரில. ஆனா நீங்க வராத இந்த ஒரு வாரம், சாயங்காலமே ஆவலிங்க. மத்தியானத்துக்கப்புறம் நேரா இருட்டிடுச்சு. இப்ப பேரும் வச்சாச்சு... இனிமே உங்கள கூப்புட இன்னா காரணம் சொல்றதுன்னே தெரில.”

கிருஷ்ணப்பிரியாவுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. சிரிப்புதான் வந்தது.

“ஜெபா மொத நாள் ராத்திரியே நல்ல நல்ல பேரா எவ்வளவோ சொன்னா, தெரியுமா?”

“அப்புறம்?”

“எல்லாத்தையும் வேண்டாம்னுட்டேன்.”

அவன் புரியாமல் பார்த்தான். அவள் முகம் இட்லிப்பூவாய்ச் சிவந்தது. பார்வையை நகர்த்தவில்லை.

“பிடிக்காமலா ஒருத்தி, ஒரு நாய்க்குப் பேர் வைக்க ஆவணியில தொடங்கி ஐப்பசி வரைக்கும் இழுப்பா...?”

மழை வலுத்தது. வலையின் ஓட்டை வழியே சொட்டிய நீர் இருவரையும் நனைத்தது. நகரத்தான் இருவருக்கும் தோன்றவில்லை.

“அப்ப நாளைக்கு...?” என்று இழுத்தான்.

“நாளைக்கும் வருவேன்” என்றாள் கிருஷ்ணப்பிரியா. “எந்தக் காரணமும் இல்லாம...”