காட்டுத் தாளியைப் பறித்தவள்

1988 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, டேனிஷ் தலைநகரின் புறநகரான ஹ்விடோவ்ரேயில் பஸ் ஏறி, நகரத்திலிருந்த தாவரக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காய்ந்த செடிகளை மட்டைகளில் ஒட்டி அடுக்கி வைத்திருக்கும் நிலவறை அது. பறித்தவர் பெயரை மட்டையிலிருந்து பதிவு அட்டைக்கு எழுதுவது என் வேலை. யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச செயலகத்தில் தலைமை எழுதுநராக இருந்தவன் நான். குணசேகரமாகிய என் வீட்டைப் பற்றி ஊரில் எவரும் ஒரு சொல் பேசியதில்லை; பேச நான் விட்டதுமில்லை.

அன்று கிடைத்தவை பாலைநில மலைகளில் பறித்த காட்டுத் தாளிக் கொடிகள். ஊதாப் பூக்கள் கடதாசிபோல் உலர்ந்திருந்தன. நாற்பது மட்டைகளிலும் பென்சிலில் ஒரே பெயர்: காரன்; ஒரு டேனிஷ் பெண். மேலே அச்சில், செடி சேகரித்த பயணத்தின் தலைவரான அவள் கணவர் ஹோல்கரின் பெயர். அவள் அந்த மலையிலேயே காணாமற்போனவள் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டுப் போனார்.

நான் நாற்பது அட்டைகளிலும் 'திருமதி ஹோல்கர்' என்று எழுதினேன்.

பக்கத்து மேசை அந்தோனிமுத்து எட்டிப் பார்த்தான். மன்னார்ப் பொடியன்; முன்பே பழக்கம்.

"அண்ணை, பறிச்சது மனுசியெல்லோ. ஏன் பேரை மாத்திறியள்?"

"குடும்பப் பொம்பிளையின்ர பேரைத் தனிய எழுதப்படாது. மனுசன்ர பேருக்குள்ளதான் அது நிக்கவேணும்."

"அப்ப அக்காவை எப்பிடிக் கூப்பிடுறனியள்?"

"இஞ்சாரும் எண்டு."

"கலியாணங் கட்டிப் பன்ரெண்டு வருசமாவோ? விசா குடுக்கிறவனும் இஞ்சாரும் எண்டு கூப்பிட்டாத்தான் அக்கா வந்து சேருவா."

சிரித்தபடி சாப்பிடப் போனான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அகதிகளாக வந்த நாங்கள் மனைவி பிள்ளைகளை அழைக்கப் போட்ட மனுக்கள் அமைச்சில் அசையாமல் கிடந்த காலம். என் மனைவியின் மனுவுக்கு இரண்டு வருடமாகப் பதில் இல்லை. ஊரில் போரின் வெடிச் சத்தத்துக்குள் அவள் காத்திருந்தாள்.

நிலவறையில் திடீரென்று ஒரு வாசம். வெயிலில் காய்ந்த கல்லில் முதல் மழை விழுந்ததுபோல.

பிறகு பென்சில் உரசும் சத்தம்.

என் கையில் இருந்தது பேனா.

குனிந்து பார்த்தேன். நாற்பது அட்டைகளிலும் நான் எழுதியது பென்சில் கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது.

என் காதருகே, சருகு நொறுங்குவதுபோல் ஒரு பெண்குரல் டேனிஷில் கேட்டது:

"உன் மனைவிக்குப் பெயர் இல்லையா?"

யாரிடமும் உரக்கச் சொல்லாத பெயரை முதன்முறையாகச் சொன்னேன்.

"யோகமலர்."

வாசம் உடனே அடங்கியது.

மூன்று வாரம் கழித்து மைத்துனன் குலேந்திரனின் கடிதம் வந்தது.

"அத்தான், போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் அக்கா கிணத்தடியில நிண்டவ. 'அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறார்' எண்டு சிரிச்சுக்கொண்டு படலையைத் திறந்து போனா. தேடாத இடமில்லை. இன்னும் வரேல்லை."

கடிதத்தைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு நேரே நிலவறைக்குப் போனேன். தாளிக் கொடிகள் இருந்த அலுமாரியைத் திறந்து எண்ணினேன்.

நாற்பத்தொன்று.

கடைசி மட்டையில் இருந்த பூ காயவில்லை. ஊதா நிறம் மட்டையில் ஊறிக்கொண்டிருந்தது. இடம், அதே பாலைமலை. நாள், நான் பெயரைச் சொன்ன அதே செவ்வாய்க்கிழமை. பறித்தவர் பெயர் பென்சிலில், தமிழில், என் மனைவியின் குண்டுக் கையெழுத்தில்: யோகமலர்.

என் பெயர் அந்த மட்டையில் எங்கும் இல்லை.