முன்னால் போகிற முதுகு

புது நெடுஞ்சாலையில் சைக்கிளை விடமாட்டார்கள். அதனால் அவன் தினமும் பழைய சாலை வழியாகத்தான் அட்டைப்பெட்டி ஆலைக்குப் போய்வந்தான். முந்தைய வேலையில் இரவு ஷிப்டில் தூங்கி மாட்டிக்கொண்டு வெளியேற்றப்பட்டவனுக்கு, எவ்வளவு தூரமானாலும் ஒரு பகல் வேலை கிடைத்ததே பெரிது. விடிகிற நேரத்தில் சாலையின் இரு பக்கமும் சேற்று நிலத்திலிருந்து பனி எழும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. காற்று நேராக நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்.

அந்தச் சாலையில் சைக்கிளில் போகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொள்வான். பின்னால் ஒட்டி வருகிறவனுக்குப் பாதி உழைப்புதான். கொஞ்ச தூரம் போனதும் முன்னவன் ஒதுங்குவான், பின்னவன் ஏறிப் போவான். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வந்த புதிதிலேயே அவனுக்கு ஒரு முதுகு கிடைத்தது. பனிக்குள் குனிந்த அகலமான முதுகு, நனைந்த கோட்டு. பின்னால் போய் ஒட்டிக்கொண்டான். கதவைச் சாத்தினாற்போல் காற்று நின்றது. அந்த முதுகு ஒதுங்கவில்லை. அவனும் ஏறிப் போகவில்லை. ஆலைப் புகைபோக்கி தெரிகிற வளைவு வந்ததும் அது காணாமல் போய்விடும்.

மழைக்காலம் முடிந்தும் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாலை மட்டும் நனையவில்லை. அதைப் பார்க்காத மாதிரியே இருந்துவிட்டான். ஓசியில் கிடைப்பதைத் துருவிக் கேட்கிற ஆள் இல்லை அவன்.

ஆலை வாசல் காவல்காரர் ஒருநாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதிர்காத்துல வந்த மூஞ்சியாய்யா இது? யாரோ தூக்கிட்டு வந்து இறக்கிவிட்ட மாதிரி இருக்கே."

சிரித்து மழுப்பினான். மனைவி அக்கம்பக்கத்தில் அவன் கால் பலத்தைப் பற்றிப் பெருமையடிக்கும்போதும் அப்படித்தான் மழுப்புவான்.

பிறகு மனைவியின் தம்பிக்கும் அதே ஆலையில் வேலை கிடைத்தது. நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவன். முதல் நாள் கிளம்பும்போது அவள் கணவனை வாசலில் நிறுத்தினாள்.

"அவன முன்னால விட்டுடாதீங்க. அந்தக் காத்து அவனுக்குத் தாங்காது."

"அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்றான்.

பழைய சாலையில் திரும்பியதும் முதுகு வழக்கம்போல் முன்னால் வந்தது. மைத்துனனுக்கு அது தெரியவில்லை. பின்னாலிருந்து அவன் சொன்னான்:

"காத்தே தெரியல மாமா. அக்கா சொன்னப்ப நம்பல. நீங்க நிஜமாவே இரும்புதான்."

அவனுக்குக் காது மடல் சுட்டது.

அப்போதுதான் அந்த முதுகு ஒதுங்கியது.

இத்தனை நாளில் முதல் முறை.

கை ஒன்று கீழே இறங்கி, மெதுவாக அசைந்து, முன்னால் போ என்றது. சேறும் துருவும் கலந்த நாற்றம். காற்று முகத்தில் அறைந்தது. நாலு மிதி மிதிப்பதற்குள் தொடை நடுங்கியது. உழைத்தே பழகாத கால்கள். பக்கத்தில் அது சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"செயின் இழுக்குது. கொஞ்சம் நீ முன்னால போறியா?"

செயினுக்கு ஒன்றுமில்லை.

"இதுக்கென்ன மாமா," என்று அந்தப் பாவி சந்தோஷமாக ஏறிப் போனான். உடனே அந்த முதுகு அவன் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதன் பின்னால் இவன். மறுபடி காற்று நின்றது.

முன்னால் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கிழிப்பது போல.

"மாமா... நிக்கட்டுமா?"

நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நிறுத்தினால் மிச்ச தூரத்துக்கு யார் முன்னால் போவது?

"இன்னும் கொஞ்ச தூரம்தான்," என்றான்.

வளைவில் மைத்துனன் சைக்கிளோடு சரிந்தான். இவன் ஓடிப் போய்த் தூக்கியபோது மூச்சில்லை. உடம்பு முழுக்க நனைந்திருந்தது. வியர்வை என்றார் டாக்டர். சேற்று நாற்றம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு மனைவி அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கடைசி வரைக்கும் நீங்கதானே முன்னால போனீங்க?"

"ஆமா."

அவள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை அவனால் இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து மறுபடி வேலைக்குக் கிளம்பினான். பழைய சாலையில் பனி இடுப்பளவு நின்றது. காற்றுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான்.

காற்று வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தான். முன்னால் இரண்டு முதுகுகள்.

ஒன்று அகலம். மற்றது ஒல்லி. ஒல்லியான முதுகுதான் முதலில் போய்க்கொண்டிருந்தது, மூச்சை இழுத்து இழுத்து.

பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தான். கூப்பிட்டால் அது ஒதுங்கி வழி விடும்.

வாயை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி ஒட்டிக்கொண்டான்.